கார்டு இருக்கிறதே, மாத்திரைக்கு ஏன் காசு?

குன்னூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மெடிக்கல்களிலும் ஊட்டி மார்க்கெட் பக்கமும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "அண்ணா, இன்ஷூரன்ஸ் கார்டு இருக்கு, அதுல கழிச்சுக்கங்க." கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைக்குக் கார்டு செல்லாது என்றதும் வந்தவருக்குக் கோபம் வரும். அஞ்சு லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, எழுநூறு ரூபாய் மாத்திரைக்குக் கிடையாதா?

இந்தக் குழப்பத்துக்கு ஏஜென்ட்டுகள் பாதிக் காரணம். "எல்லாச் செலவும் கவர் ஆகும்" என்பது விற்கும்போது சொல்ல வசதியான வாக்கியம். மீதிக் காரணம் அமெரிக்காவிலிருந்து வரும் போன். அங்கே இருக்கும் பிள்ளைகள், மருந்துக்கடையில் கார்டை நீட்டிச் சிறு தொகை மட்டும் கட்டி மாத்திரை வாங்குவதாகச் சொல்வார்கள். அது உண்மைதான். அங்கே காப்பீட்டு நிறுவனம் மருந்துப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, எந்த மருந்துக்கு நாம் எவ்வளவு, நிறுவனம் எவ்வளவு என்று தட்டுத் தட்டாகப் பிரித்திருக்கும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வாங்கும் பாலிசி அந்த வகை இல்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

## பிரேக் லைனரும் விபத்தும்

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் தினமும் ஏறி இறங்கும் ஜீப்புக்கு பிரேக் லைனர் சீக்கிரம் தேயும். தேய்ந்த லைனரை மாற்றிய பில்லை வண்டி இன்ஷூரன்ஸில் யாரும் கேட்பதில்லை. அது ஓடுகிற வண்டிக்கு ஆகிற செலவு என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஜீப் வளைவில் மோதி, சக்கரத்தோடு பிரேக்கும் நொறுங்கினால், புது பிரேக்கின் விலை விபத்துச் செலவில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடும்.

பொருள் ஒன்றுதான். எதற்காக மாற்றினோம் என்பதைப் பொறுத்துப் பணம் வருகிறது, அல்லது வராமல் போகிறது. மருத்துவக் காப்பீட்டில் மருந்தின் நிலை இதேதான். தினசரி மாத்திரை தேய்மானச் செலவு. ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஏற்றிய மருந்து விபத்துச் செலவு.

## கூரைக்குப் போட்ட பணம்

ஏன் இப்படி வைத்தார்கள்? ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நூறு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக் காற்றில் ஆண்டுக்கு இரண்டு வீட்டுக் கூரை பறக்கும், ஒன்றுக்கு 50,000 ரூபாய் ஆகும். யார் வீடு என்பது முன்கூட்டித் தெரியாது. வீட்டுக்கு 1,000 ரூபாய் போட்டால் ஒரு லட்சம் சேரும். இரண்டு கூரைக்கும் சரியாகப் போச்சு. ஆயிரம் கொடுத்தவருக்கு ஐம்பதாயிரத்தின் பயம் நீங்குகிறது.

இப்போது அதே நூறு வீடும் மாதம் 1,000 ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறது, அதையும் பொதுப் பணத்திலிருந்து கொடுப்போம் என்று முடிவு செய்தால்? ஆண்டுக்கு வீட்டுக்கு 12,000, மொத்தம் 12 லட்சம். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அதே நூறு வீட்டிலிருந்துதான். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் போட்டு, கணக்கு எழுதுபவருக்குக் கூலியும் கொடுத்து, அதே பன்னிரண்டாயிரத்தைத் திரும்ப வாங்கவேண்டும். எல்லோருக்கும், நிச்சயமாக, ஒரே அளவில் வரும் செலவைப் பங்கு போட்டால் யாருக்கும் லாபமில்லை.

ஆண்டுக்கு ஆண்டு நாம் கட்டும் தொகைக்கு பிரீமியம் என்று பெயர். சிலருக்கு மட்டும், எதிர்பாராமல், பெரிதாக வரும் செலவுக்காக எல்லோரும் போட்டுவைப்பது அது. பெரிய கம்பெனிதான் இதைச் செய்யவேண்டும் என்பதுமில்லை. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காக இயங்கும் அஷ்வினி என்ற அமைப்பு 1992-லேயே இந்த அடிப்படையில் சமூகக் காப்பீடு ஒன்றைத் தொடங்கியது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: மாத்திரை சின்னச் செலவு என்பதால் அதை விடவில்லை. தவறாமல் வரும் செலவு என்பதால் விட்டிருக்கிறார்கள்.

## கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம்

சாதாரண பாலிசியில் மருந்துக்குப் பணம் வருமா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த மருந்து எந்தக் கட்டிலோடு சேர்ந்தது?

உள்நோயாளி என்பவர் ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கிச் சிகிச்சை பெறுபவர். அந்த நாட்களில் ஏறிய குளுக்கோஸ், ஊசி, மாத்திரை எல்லாம் பில்லில் சேரும். நுரையீரல் தொற்றுக்காகப் படுத்தவருக்கு ஏற்கனவே சுகர் இருந்தால், அந்த நாட்களில் போட்ட இன்சுலினும் இதற்குள் வந்துவிடும்.

24 மணி நேரம் தங்கவேண்டாத சில சிகிச்சைகளும் உண்டு. டயாலிசிஸ், கீமோதெரபி, கண்புரை அறுவை போன்றவை காலையில் போய் மாலையில் திரும்புகிறவை. இவற்றுக்குப் பகல்நேரச் சிகிச்சை என்று பெயர். பாலிசி இவற்றையும் ஏற்கும். மாத்திரையாகவே விழுங்கும் கீமோவுக்கும், கண்ணுக்குள் போடும் ஊசிக்கும் பாலிசிகளில் இடம் உண்டு. ஆனால் பல பாலிசிகள் அவற்றுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கும். புற்றுநோய்க்கு மாத்திரை எழுதிக்கொடுத்தால், "ஓ.பி. மருந்துதானே" (படுக்காமல் வந்து போகும் வெளிநோயாளிக்கான மருந்து) என்று கையைவிட்டுவிடாமல் பாலிசியில் அந்த வரியைத் தேடிப் பார்க்கவேண்டும்.

வட்டம் கட்டிலுக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் நீளும். சேருவதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பியபின் 60 நாள் என்பது ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் உள்ள கணக்கு. 2020-லிருந்து விற்கப்படும் இது எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் ஒரே விதிகளோடு வரும். மற்ற பாலிசிகளில் 60-க்கு 90, 60-க்கு 180 என்றும் உண்டு.

இந்த முன்பின் நாட்களில்தான் மலைவாசிகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கீழே கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்து, கேஷ்லெஸ் ஆகிவிட்டது என்று நிம்மதியாக ஏறி வந்துவிடுவார்கள். கேஷ்லெஸ் என்றால் ஆஸ்பத்திரி பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது. அதோடு கணக்கு முடிந்தது என்ற நினைப்பில், வீட்டுக்கு வந்தபின் வாங்கிய மருந்துக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவார்கள். அந்த மருந்தை நாம் முதலில் காசு கொடுத்து வாங்கி, பில்லை அனுப்பித் திரும்பப் பெறவேண்டும். இதை ரீஇம்பர்ஸ்மென்ட் என்பார்கள்.

## ஒரு கணக்கு

கோத்தகிரிப் பக்கத்தில் ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்ததாகக் கொள்வோம். ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி. ஜனவரி 5 அட்மிஷன், ஜனவரி 10 டிஸ்சார்ஜ். அவருக்குச் சுகரும் உண்டு.

முந்தைய 30 நாள் என்பது டிசம்பர் 6-லிருந்து. பிந்தைய 60 நாள் மார்ச் 11-ல் முடிகிறது. வீடு திரும்பியபின் அவர் வாங்கியவை இவை: எலும்பு முறிவுக்கான மருந்து ஜனவரி 18-ல் 1,800 ரூபாய்க்கு, பிப்ரவரி 15-ல் 1,400-க்கு, மார்ச் 20-ல் 900-க்கு. இடையில் சுகர் மாத்திரை இரண்டு மாதத்துக்கு 2,400. ஆக மொத்தம் 6,500.

கையில் வருவது எவ்வளவு? மார்ச் 20 பில் கெடு தாண்டியது, போயிற்று. சுகர் மாத்திரையும் போயிற்று. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு, எந்த நோய்க்காகப் படுத்தாரோ அந்த நோய்க்கானதாக மட்டும் இருக்கவேண்டும் என்பது விதி. மிஞ்சுவது 3,200. இந்தப் பாலிசியில் ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதத்தை நாம் ஏற்கவேண்டும், அதற்கு கோ-பே என்று பெயர். 160 ரூபாய் கழிந்து, வருவது 3,040.

மார்ச் 20-ல் வாங்கிய மருந்தை மார்ச் 10-ல் வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். டாக்டர் எழுதிய சீட்டு கையில் இருந்தால், கெடு முடியுமுன் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

சிகிச்சை முடிந்து 15 நாளுக்குள் பில்களை அனுப்பவேண்டும். இவரைப் பொறுத்தவரை மார்ச் 26.

## வட்டத்துக்குள் இருந்தும் கழிக்கப்படுபவை

சத்து மாத்திரை, வைட்டமின், டானிக், புரதப் பவுடர். சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் இவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: ஆஸ்பத்திரியில் படுத்த சிகிச்சையின் பகுதியாக டாக்டரே எழுதியிருந்தால் ஏற்கவேண்டும். எலும்பு முறிவுக்காரரின் கால்சியம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருந்தால் பணம் வரும். "இதையும் சேத்து சாப்பிடுங்க" என்று வாயால் சொல்லியிருந்தால் வராது. டிஸ்சார்ஜ் சம்மரி என்பது என்ன நோய், என்ன செய்தார்கள், இனி என்ன மருந்து என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் தாள். மலை ஏறுமுன் அதில் எல்லா மருந்தும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஒரு வரி விட்டுப்போனால், அதைச் சேர்க்க மறுபடி மேட்டுப்பாளையம் இறங்கவேண்டியிருக்கும்.

அறை வாடகை பற்றியும் ஒரு பயம் உலவுகிறது. பாலிசியில் நாளுக்கு 5,000 வரை என்றிருக்க, 10,000 ரூபாய் அறையில் தங்கினால் மொத்த பில்லிலும் பாதிதான் வரும் என்பார்கள். பாதி உண்மை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் போன்றவை அந்த விகிதத்தில் குறையும். ஆனால் மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனைக் கட்டணம் இவற்றை அந்த விகிதத்தில் குறைக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. செட்டில்மென்ட் தாளில் மருந்து வரியிலும் பாதி கழிந்திருந்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.

இன்னொரு பள்ளம், "மாத்திரையிலேயே சரியாகியிருக்கும், படுக்கவேண்டிய தேவை இல்லை" என்ற மறுப்பு. பரிசோதனைக்காக மட்டுமோ ஓய்வுக்காக மட்டுமோ சேர்ந்தால் பணம் கிடையாது. கார்டு இருக்கிறதே என்று ஒருநாள் படுத்து எழுந்தால் மருந்து இலவசம் என்ற யோசனையை யாராவது சொன்னால், கேட்காதீர்கள். மாத்திரை மட்டும் விழுங்கிய நாள் அது என்று நோயாளிப் பதிவேடே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, பழைய நோய். பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்கச் சொல்லலாம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 ஆக இருந்தது. சுகர் இருப்பதை மறைத்துப் பாலிசி எடுத்தவர், அட்மிஷனின்போது டியூட்டி டாக்டரிடம் "எட்டு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்" என்பார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். பாலிசிக்கு வயது இரண்டு என்றால் கிளைம் அங்கேயே நிற்கும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியபின், மோசடி தவிர வேறு காரணம் காட்டி இப்படி மறுக்க முடியாது. அதுவரை, விண்ணப்பத்தில் உண்மையை எழுதிவைப்பது ஒன்றே வழி.

## அரசு கார்டு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் வந்தது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் அரசே கட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும்.

இதுவும் கட்டில் கார்டுதான், ஆனால் கணக்குப் போடும் விதம் வேறு. இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக நிர்ணயித்து ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்கள். அந்தத் தொகைக்குள் மருந்தும் அடக்கம். கல்யாண மண்டபத்தைச் சமையலோடு பேசி முடித்தபின் பருப்புக்குத் தனியாகக் காசு கேட்க முடியாதல்லவா? அதுபோல, திட்டத்தில் அனுமதி கிடைத்தபின் "இந்த ஊசியை வெளியே வாங்கிட்டு வாங்க" என்று சீட்டுக் கொடுத்தால், ஆஸ்பத்திரியில் உள்ள திட்ட அலுவலரிடம் காட்டிக் கேட்கலாம். மத்தியத் திட்டத்தின் விதிப்படி, சேருமுன் 3 நாளும் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாளும் ஆகும் மருந்துச் செலவு அந்தத் தொகையிலேயே சேரும். வீட்டுக்குப் போகும்போது 15 நாள் மருந்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

## ஓ.பி. மருந்துக்கும் தருகிறோம் என்கிறார்களே?

அப்படிப்பட்ட பாலிசிகளும் உண்டு. சீட்டு எழுதி வாங்கும் மருந்துக்கும் டாக்டர் பீஸுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கி, அதற்குத் தனி பிரீமியம் வாங்குவார்கள். எடுக்கலாமா என்பது முழுக்கக் கூட்டல் கழித்தல்.

உதாரணமாக, கூடுதல் பிரீமியம் 6,000, ஆண்டு வரம்பு 10,000, கோ-பே 20 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 700 ரூபாய் மாத்திரை என்றால் ஆண்டுக்கு 8,400. அதில் 80 சதவீதம், 6,720. ஆறாயிரம் கட்டியதில் மிச்சம் 720 ரூபாய். அந்த 720-ம் நெட்வொர்க் கடையில் வாங்கினால்தான். நெட்வொர்க் கடை என்பது நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்கும் மெடிக்கல். அது எடப்பள்ளியிலோ கட்டபெட்டுவிலோ இருக்கிறதா, கோயம்புத்தூரில்தான் இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பஸ் காசே 720-ஐத் தின்றுவிடும்.

கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினாலும் வழி இருக்கிறது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்க உரிமை உண்டு. நாற்பது பக்கப் பாலிசியைப் படிக்காதவரும் அந்தச் சில பக்கத்தைப் படித்துவிட முடியும்.

## அப்போது மாத மாத்திரைக்கு என்ன வழி?

காப்பீடு என்ற சொல்லை மறந்துவிட்டுத் தேடினால் வழிகள் நிறையவே இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே வரும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டிய எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. முதலில் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துப் பெயர் பதியவேண்டும், அவ்வளவுதான்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தருவது நிர்வாகத்தின் கடமை. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இது இருக்கிறது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுக்கும் மருந்து யாரும் போடும் தர்மம் அல்ல. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஆலை, கடை, ஓட்டல் ஊழியர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். சம்பளத்தில் 0.75 சதவீதம் அதற்குப் பிடிப்பார்கள். கட்டிலில் படுக்காமலே மருந்து தருகிற காப்பீடு இது. சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிந்தும் டிஸ்பென்சரி பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். வெலிங்டன் சுற்று வட்டாரத்தில் குடியிருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் உண்டு, அதிலும் ஓ.பி. மருந்து கிடைக்கும்.

இவை எதிலும் சேராதவர்களுக்கு விலை குறைந்த கடைகள். 2025 பிப்ரவரி 24-ல் மாநிலம் முழுக்க 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகமும் உண்டு. இரண்டிலும் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் விற்பார்கள். சீட்டில் மூலப்பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் வாங்குவது எளிது. மேலே சொன்ன 700 ரூபாய் மாத்திரை இங்கே எவ்வளவு என்று கேட்டபிறகு அந்த 6,000 பிரீமியத்தை யோசிக்கலாம்.

## கிளைமை மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதிப்படி என்பதோடு. போனில் சொன்னது கணக்கில் வராது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் அனுப்பவேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அங்கே கேட்கப்போவது டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மெடிக்கல் பில் மூன்றும்தான். பில்லில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், தேதி, பேட்ச் நம்பர், கடையின் லைசென்ஸ் நம்பர் இருக்கவேண்டும். துண்டுத் தாளில் "மருந்து 1,800" என்று எழுதித் தந்தால் வாங்காமல், பிரின்ட் பில் கேளுங்கள். அந்தப் பில்லையும் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மெஷினில் வரும் வழவழப்புத் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும், ஊட்டியின் ஈரத்தில் பீரோவுக்குள் வைத்தாலும்.